கொடுத்த வாக்கும் போடப்போகும் வாக்கும்

கேள்வி: அக்கா, நான் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெப்ரவரியில் நடந்த தேர்தலில் பல்கலைக்கழகத்தை ஆளும் சபையான ஆளுகை மன்றத்தின் மாணவர் ஆசனத்துக்குத் தெரிவானேன். ஜூலை 1இல் பதவி தொடங்குகிறது. பிரசாரத்தின்போது, "எந்தக் கட்டண உயர்வுக்கும் கை உயர்த்த மாட்டேன்" என்று மாணவர் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். இப்போது அறிமுக வகுப்பில், "நீங்கள் மாணவர்களின் தூதுவர் இல்லை, பல்கலைக்கழகத்தின் நலனைத்தான் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். மாணவியாகிய நான் கட்டண விடயத்தில் வாக்களிப்பது நலன் முரண் ஆகாதா என்றும் ஒருவர் கேட்டார். கூட்டத்தில் நடப்பதை வெளியே பேசுவது பற்றிய நடத்தை விதிப் பத்திரம் ஒன்றைக் கையெழுத்துக்குத் தந்திருக்கிறார்கள். தோழிகள் "விலை போய்விட்டாய்" என்கிறார்கள். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த அப்பாவோ, "இத்தனை பேருக்குள் நீ ஒருத்தி கை தூக்கி என்ன ஆகப்போகிறது, பேசாமல் படி" என்கிறார். விலகிவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விலக வேண்டாம். இரண்டு கூட்டம் இருந்து பார்த்த பிறகும் விலகத்தான் தோன்றினால் அது உங்கள் விருப்பம். நாற்காலியில் உட்காரும் முன்பே எழுந்து போவதற்கு இவ்வளவு பாடுபட்டு வாக்குச் சேகரித்திருக்க வேண்டியதில்லை.

நான் இந்த மாகாணத்தில் ஒரு கல்லூரியின் ஆளுகை மன்றச் செயலகத்தில் 17 ஆண்டுகள் வேலை செய்தவள். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதும் கூட்ட அறிக்கை எழுதுவதும் என் தொழில். ஒன்ராறியோவின் அரசுக் கல்லூரிகளில் மன்றத்துக்கு ஒரு மாணவர் தெரிவாக வேண்டும், அவருக்கு முழு வாக்கு உண்டு. அப்படி வந்தவர்கள் பலரை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. உதாரணம் தேவைப்படும் இடத்தில், சட்டமும் ஆவணங்களும் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நலன் முரண். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு விடயம் தெரியாது, அல்லது தெரிந்துகொண்டே உங்களைப் பயமுறுத்தப் பார்த்திருக்கிறார். மன்றத்தில் இருக்கும் பேராசிரியர் வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கிறார். அவருடைய சம்பளமும் அதற்குள்தான் இருக்கிறது. அவரை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. ஒஷாவாவில் உள்ள ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது: மாணவர்களின் பொதுவான நிலைமை பற்றிய விடயங்களில் மாணவ உறுப்பினர் விவாதத்தில் கலந்துகொள்ளலாம், வாக்களிக்கலாம். அவருடைய சொந்த விடயம் தனியாக வரும்போதுதான் ஒதுங்க வேண்டும். உங்கள் தேர்வு முடிவு மேன்முறையீட்டுக்கு வந்தால் எழுந்து வெளியே போங்கள். எல்லா மாணவர்களுக்குமான கட்டணம் வந்தால் அசையாமல் இருங்கள். உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தில் இதற்கான பிரிவு எது என்று செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. வாய்ப்பேச்சு வேண்டாம்.

இனி வாக்குறுதி. இதுதான் உங்களுக்கு உண்மையில் உறுத்துவது என்று நினைக்கிறேன்.

ஊர்க் கோயில் பரிபாலன சபையை நினைத்துப் பாருங்கள். வடக்குத் தெருவார் கூடி ஒருவரைச் சபைக்கு அனுப்புகிறார்கள். போனவர் வடக்குத் தெருவின் குறைநிறைகளைச் சபையில் சொல்லத்தான் வேண்டும். அதற்காகத்தானே அனுப்பினார்கள்? ஆனால் உள்ளே போய் அமர்ந்த பிறகு அவர் முழுக் கோயிலுக்கும் பொறுப்பாளி. தெற்கு வீதி மதில் இடிந்து விழுந்தால் "அது எங்கள் தெரு இல்லை" என்று அவர் சொல்ல முடியாது. அறிமுக வகுப்பில் உங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். சட்டத்தில் இதை நம்பிக்கைப் பொறுப்பு என்பார்கள். விவாதத்தைக் கேட்பதற்கு முன்பே தன் வாக்கை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர் அந்தப் பொறுப்பை மீறுகிறார் என்பதே அதன் பொருள்.

அந்த வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. நானே அந்தப் படங்களையும் குறிப்புகளையும் தயாரித்தவள் என்பதால் எனக்குத் தெரியும். "பல்கலைக்கழகத்தின் நலன்" என்பதும் "நிர்வாகம் கொண்டுவந்த பிரேரணை" என்பதும் ஒன்றில்லை. கட்டணம் ஏறினால் வறிய வீட்டுப் பிள்ளைகள் இடையில் நின்றுபோவார்கள், அதனால் பல்கலைக்கழகம் தன் நோக்கத்திலிருந்து விலகிவிடும் என்று பத்திரங்களைப் படித்து நீங்கள் மனமார நம்பினால், எதிர்த்து வாக்களிப்பதும் பல்கலைக்கழகத்தின் நலன் பார்த்ததுதான். ஆகவே தோழிகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நான் எதிர்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணக்கைப் பார்க்காமல் எதிர்க்க மாட்டேன்." இதில் விலை போவதற்கு எதுவும் இல்லை. மேடையில் "எந்த உயர்வுக்கும்" என்று சொன்னது கொஞ்சம் அதிகப்படி என்பதையும் ஒருமுறை வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையாது. ஜனவரியில் ஒரு சிறு கட்டணத்துக்குக் கை உயர்த்திவிட்டுப் பிறகு சமாதானம் சொன்னால்தான் குறையும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் பேசுவது அனுபவத்தில். இலங்கையின் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தில், பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையில் மாணவருக்கு இடமில்லை. பீடச் சபையில்தான் இரண்டு மாணவர்கள் இருப்பார்கள். அங்கே பேச வேண்டியதை மாணவர்கள் பகிஷ்கரிப்பால் பேசினார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1960களின் கடைசியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆளுகையை மாற்றி அமைக்க ஓர் ஆணைக்குழு வைத்தார்கள், அதில் மாணவர்களும் இருந்தார்கள். பின்னாளில் ஒன்ராறியோ முதல்வரான பொப் ரே அவர்களில் ஒருவர். 2009 ஜூனில் கொழும்பு விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாரே, அவரேதான். பேராசிரியர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் மாணவர்களுக்கும் ஆசனம் வேண்டும் என்பது அன்றைய கோரிக்கை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது வேறு கணக்கு: 50 பேர் கொண்ட ஒரே மன்றம், அதில் கற்பிப்போர் 12, மாணவர்கள் 8. முழுநேர இளமாணி மாணவர் நால்வர், பகுதிநேரத்தார் இருவர், பட்டமேற்படிப்பில் இருவர்.

அந்த மன்றம் பொறுப்பேற்றது 1972 ஜூலை 1இல். அதற்கு நான்கு மாதம் முன்பு, கட்டி முடியவிருந்த ரொபாட்ஸ் நூலகத்தின் நூலடுக்குகளுக்குள் இளமாணி மாணவர்களை விடுவதில்லை என்ற முடிவை எதிர்த்து மாணவர்கள் நிர்வாகம் இருந்த சிம்கோ மண்டபத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். பொலிஸ் வந்தது, கைது நடந்தது, கடைசியில் நூலகக் கதவும் திறந்தது. இன்று மன்றம் கூடுவதும் அதே சிம்கோ மண்டபத்தில்தான். அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், பிடிக்கும்.

எண்ணிக்கையில் அப்பா சொல்வது சரி. எட்டுப் பேரும் ஒன்றாக நின்றாலும் 50இல் எதையும் தோற்கடிக்க முடியாது. ஆனால் மன்றத்தின் முழு அமர்வில் பிரேரணைகள் தோற்பதே அபூர்வம். அங்கே வருவதற்கு முன்பே குழுக்களில் அது வெந்து, ஆறி, தட்டில் வைக்கப்பட்டுத்தான் வருகிறது. வாக்கு விழும் நாளில் பேசுகிறவர் பந்தி முடிந்த பிறகு உப்புக் குறைவு என்று சொல்பவர்.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான மனநலச் சிக்கலில் இருக்கும் மாணவரைப் பல்கலைக்கழகமே கட்டாய விடுப்பில் அனுப்பலாம் என்ற கொள்கை ரொறன்ரோவில் வரைவாக வந்தது. ஜனவரியில் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு கவலை தெரிவித்துக் கடிதம் எழுதியது. வரைவைப் பின்வாங்கினார்கள். திருத்திய வடிவம் திரும்பி வந்து ஜூன் 27இல் மன்றத்தில் நிறைவேறியது. மாணவர்கள் எதிர்த்துப் பேசியும் நிறைவேறியது. இதில் எந்த இடத்தில் அது நின்றது என்று பாருங்கள். ஜனவரியில், குழு நிலையில், வெளியிலிருந்து ஒரு கடிதமும் உள்ளேயிருந்து கேள்விகளும் சேர்ந்தபோது நின்றது. ஜூன் கடைசியில் மாணவர்களில் பாதிப் பேர் வளாகத்திலேயே இருக்க மாட்டார்கள். கூட்ட நாட்காட்டியை இப்போதே வாங்கி, ஏப்ரல் தேர்வுக்குப் பின்னால் எந்தெந்தக் கூட்டங்கள் வருகின்றன என்று சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

சில பெரிய விடயங்கள் வாக்குக்கே வருவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் போட்ட முதலீட்டை விலக்க வேண்டும் என்று ரொறன்ரோ மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2016இல் பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தார். 2021 ஒக்டோபரில் அதே தலைவர் சம்மதித்து அறிவித்தார். இரண்டு முறையும் மன்றத்தில் கை உயர்த்தி எண்ணிய முடிவில்லை அது.

உங்கள் வாக்குறுதி கட்டணத்தைப் பற்றியது என்பதால் இன்னும் ஒன்று. 2019இல் ஒன்ராறியோ அரசு உள்நாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு பல ஆண்டுகள் உறைய வைத்தது. மன்றங்கள் நினைத்தாலும் ஏற்ற முடியாத நிலை. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு அந்த வரம்பு இல்லை, ஆகவே ஏறியது அதுதான். உங்கள் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விசாவில் வந்த பிள்ளைகள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? கட்டண விவாதம் வரும்போது நீங்கள் அதிகம் பேச வேண்டியிருப்பது அவர்களுக்காக.

கல்விக் கட்டணம் தவிர்ந்த மற்றக் கட்டணங்கள் இருக்கின்றனவே, உடற்பயிற்சிக்கூடம், மருத்துவ நிலையம், மாணவர் சேவைகள் என்று நீளும் பட்டியல், அங்கே விளையாட்டே வேறு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் மாணவர் அமைப்புகளோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி இந்த ஏற்றங்கள் மாணவர் சேவைகளுக்கான பேரவைக்கு முதலில் போகும். ஸ்காபரோ வளாகத்திலும் அப்படியொரு பேரவை இருக்கிறது. இந்தப் பேரவைகளில் மாணவ உறுப்பினர்களில் பெரும்பான்மை சம்மதித்தால்தான் முழு ஏற்றமும் போகும். மறுத்தால், பணவீக்கத்தை ஒட்டி விதியில் சொன்ன அளவுக்குத்தான் ஏற்றலாம். 50இல் எட்டு வாக்கு சாதிக்காததை இங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சாதித்துவிடுகிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆள் கிடைப்பதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கு இணையான குழு எது என்று தேடிக் கண்டுபிடித்து, தோழிகளில் இரண்டு பேரை அங்கே அனுப்புங்கள். "விலை போய்விட்டாய்" என்று சொன்னவர்களையே அனுப்பினால் இன்னும் நல்லது.

என் வேலைக் காலத்தில் பார்த்த இரண்டு மாணவர்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலாமவர் நல்ல பேச்சாளர். கட்டணப் பிரேரணை வந்த அன்று எழுந்து நின்று ஏழு நிமிடம் பேசினார். எனக்கே கண் கலங்கியது. வாக்கெடுப்பில் அவர் ஒருவர் எதிர்ப்பு, மற்ற எல்லோரும் ஆதரவு. பெயரோடு எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார், செய்தேன். அடுத்த விடயத்துக்குப் போனோம்.

இரண்டாமவர் தாதியர் பயிற்சி மாணவி. மாலை ஐந்தரைக் கூட்டத்துக்கு மருத்துவமனைச் சீருடையோடேயே ஓடி வருவார். மேசையில் வைத்திருக்கும் சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தபடியே பத்திரக் கட்டைப் புரட்டுவார். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தக் கட்டை முழுதாக வாசித்து வந்த உறுப்பினர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதில் அவர் ஒருவர். ஒருநாள் விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில், பின்னிணைப்பில், தாமதக் கட்டணத் தண்டத்தை உயர்த்தும் ஒரு வரி இருந்தது. அதைப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னார். எந்த உறுப்பினரும் அப்படிக் கேட்கலாம், யாருடைய ஆதரவும் தேவையில்லை. எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போன ஆண்டு இந்தத் தண்டம் கட்டியவர்களில் எத்தனை பேர் ஓசாப் கடன் பணம் தாமதமாக வந்ததால் கட்டியவர்கள்?" ஓசாப் என்பது மாகாண அரசின் மாணவர் உதவித் திட்டம்.

யாருக்கும் தெரியவில்லை. நிதிப் பொறுப்பாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் மேசையைப் பார்த்தார். தவிசாளர் அந்த வரியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். அது திரும்பி வந்தபோது, ஓசாப் பணத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் தண்டம் இல்லை என்ற திருத்தத்தோடு வந்தது. வாக்கெடுப்பு ஏகமனது. அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் ஒரு பிரேரணையையும் எதிர்த்து வாக்களித்ததாக எனக்கு நினைவில்லை.

உங்களுக்கு இருக்கும் உண்மையான தட்டுப்பாடு காலம். ஓராண்டுப் பதவி என்றால், நிரல் எப்படி ஓடுகிறது, யார் யாரிடம் பேசினால் நடக்கும் என்று பிடிபடுவதற்குள் மார்ச் வந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 26 பேர் கொண்ட ஆளும் சபையான ரீஜென்ட் சபையில் 1975இலிருந்து ஒரு மாணவருக்கு முழு வாக்கு இருக்கிறது. அவர்கள் அடுத்த ஆண்டு மாணவரையும் முன்கூட்டியே தெரிவு செய்து, ஓராண்டு வாக்கில்லாமல் கூட உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே போன ஆண்டு அந்த ஆசனத்தில் இருந்தவரை இந்த வாரமே தேடிப் பிடித்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தக் கேள்விக்கு அவருக்கு "அடுத்த முறை பார்ப்போம்" என்று பதில் வந்தது என்று கேளுங்கள். உங்கள் முதல் கேள்வி அதிலிருந்து கிடைக்கும். குழுக்களுக்குப் பெயர் கேட்கும்போது மாணவர் விவகாரக் குழு உங்களுக்குத் தானாகவே வரும். நிதிக் குழுவைக் கேட்டு வாங்குங்கள். "அது கொஞ்சம் சிக்கலானது" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லுங்கள். மன்றச் செயலாளரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். இதை என் தொழில்காரருக்காகப் பரிந்து பேசுவதாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பத்திரம் எந்தக் குழுவில் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் அவர் ஒருவரே.

கடைசியாகக் கையெழுத்து. மூடிய அமர்வில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. ஒருவரின் வேலை, ஒரு வழக்கு, ஒரு காணி பேரம், இவைதான் பெரும்பாலும் அங்கே வரும். அதில் விளையாட வேண்டாம். தோழியிடம்கூட, அம்மாவிடம்கூட. திறந்த அமர்வு வேறு. அங்கே யாரும் வந்து உட்காரலாம், பத்திரங்களும் பொதுவில் இருக்கும். அதைப் பற்றி நீங்கள் பேசலாம், எழுதலாம், எப்படி வாக்களித்தீர்கள் என்று சொல்லலாம்.

இந்த வித்தியாசத்தை அழித்துவிடும் பத்திரங்களும் உண்டு. ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மன்றத்தில் இருந்த உயிரியல் பேராசிரியர் ஒருவர் கூட்டங்களைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதி வந்தார். 2016இல் மன்றம் புதிய நடத்தை விதியைக் கொண்டுவந்தது: தோற்ற பக்கத்தில் இருந்தவரும் மன்றத்தின் முடிவை வெளியே ஆதரிக்க வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தார், விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. என் அபிப்பிராயத்தில், முடிவைக் குலைக்காமல் இருப்பது வேறு, அதை ஆதரித்துப் பேசு என்று கட்டாயப்படுத்துவது வேறு. முதலாவதற்குக் கையெழுத்திடலாம். இரண்டாவது இருந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அது எந்தச் சட்டப் பிரிவின்கீழ் கேட்கப்படுகிறது, கையெழுத்திடாவிட்டால் ஆசனம் என்னாகும் என்று செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும்வரை பேனையைத் திறக்க வேண்டாம்.

பத்திரத்தில் உங்கள் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மறைத்துவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் நானும் வாசித்துப் பார்க்கிறேன். ஜூலைக்கு முன்னர் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா